எரிந்த கோட்டையைத் திரும்பக் கட்ட ஒரு சாய ஆய்வாளரின் குறிப்பேடு எதற்கு?

2019 அக்டோபர் 31 அதிகாலையில் ஜப்பானின் ஓகினாவா தீவில் இருக்கும் ஷுரி கோட்டை தீப்பிடித்தது. விடிந்து பார்த்தபோது முதன்மை மண்டபமும் அதை ஒட்டிய கட்டடங்களும் சாம்பலாகியிருந்தன. 2026 இலையுதிர் காலத்துக்குள் முதன்மை மண்டபத்தை எழுப்பிவிடுவது என்று இலக்கு வைத்து மறுகட்டுமானம் தொடங்கியது.

அந்த வேலை பற்றிய செய்திகளிலும் ஆய்வுக்குழு அறிக்கைகளிலும் 'கமகுரா குறிப்பேடுகள்', 'கமகுரா புகைப்படங்கள்' என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. யார் இந்தக் கமகுரா என்று தேடினால் குழப்பம்தான் கூடும். கமகுரா யோஷிதாரோ கட்டடக் கலைஞர் அல்லர், தொல்லியலாளரும் அல்லர். ஓகினாவாவின் சாயத் துணிகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். 1973இல் ஜப்பான் அரசு அவருக்கு 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்ற தகுதியைக் கொடுத்ததும் துணியில் சாயம் தீட்டும் கலைக்காகத்தான்.

துணிக்குச் சாயம் ஏற்றுவதை ஆராய்ந்தவரின் நோட்டை வைத்துக்கொண்டு தச்சரும் அரக்கு பூசுபவரும் என்ன செய்யப் போகிறார்கள்? இதற்குப் பதில் சொல்ல, அந்தத் தீவின் அரசு எப்படி நடந்தது, அந்தத் துணி எப்படிச் செய்யப்பட்டது, அவர் எதை எழுதிவைத்தார் என்ற மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

ரியூக்யூ: தனி அரசு, தனிக் கைவினை அலுவலகம்

ஓகினாவா முன்பு ஜப்பானின் மாகாணம் அல்ல. 1429இல் ஒன்றுபட்ட ரியூக்யூ என்ற தனி அரசு அது. ஷுரி அதன் தலைநகரம். சீனப் பேரரசுக்குத் திறை செலுத்திக்கொண்டே 15, 16ஆம் நூற்றாண்டுகளில் சயாம், ஜாவா, பாலெம்பாங், மலாக்கா வரை கப்பல் விட்டார்கள். அதே மலாக்காச் சந்தையில்தான் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளும் விலைபோயின. ஓகினாவாவின் சாயக்கலைக்கு இந்திய, ஜாவானியத் தொடர்பு உண்டு என்று சிலர் வாதிடுவது இதை வைத்துத்தான். இரு தரப்பும் ஒரே துறைமுகத்தில் இருந்தார்கள் என்பது வரை சரி. ஆனால் செய்முறை வேறு. சோழமண்டலத் துணிகளில் படிகாரம் போன்ற பிடிப்புப் பொருளை முதலில் தடவி, பிறகு வேரிலிருந்து எடுத்த சாயத்தில் வேகவைப்பார்கள். ஓகினாவாவில் நடப்பது, கீழே பார்க்கப்போவதுபோல், ஏறக்குறைய ஓவியம் தீட்டுவது. ஆகவே இந்த உறவை அளவோடு எடுத்துக்கொள்வதே நல்லது.

1609இல் தெற்கு ஜப்பானின் சாட்சுமா பிரபுக்கள் படையெடுத்து ரியூக்யூவை அடக்கினார்கள். அதற்குப் பிறகு சீனாவுக்குத் திறை, சாட்சுமாவுக்கு வரி என்று இரண்டு எசமானர்கள். இரண்டு பக்கமும் பரிசு அனுப்ப வேண்டும், தூதர்களை விருந்தோம்ப வேண்டும். அதனால் அரசே கைவினைப் பொருள்களைச் செய்வித்தது. 'கைசூரி' அலுவலகம் என்று ஓர் அரசுத் துறை இருந்தது. அரக்கு வேலைதான் அதன் முதன்மைப் பொறுப்பு. ஆனால் அங்கே இருந்த ஓவியர்கள் அரக்குப் பெட்டிக்கும் வரைந்தார்கள், துணி வடிவங்களுக்கும் வரைந்தார்கள், அரசுக்கு வேண்டிய படங்களையும் வரைந்தார்கள். கூமே, மியாகோ, யாயெயாமா போன்ற தீவுகளின் நெசவுப் பெண்களுக்கு 'மியெசு' என்ற வடிவத் தாள்கள் அனுப்பப்பட்டன. அதில் இருக்கும் கோலம் அப்படியே தறியில் இறங்க வேண்டும். துணி அங்கே விற்பனைச் சரக்கு அல்ல, தலைவரி, அதாவது ஆளுக்கு இவ்வளவு என்று கட்டிய வரி. அந்த வரி 1903 வரை நீடித்தது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் அந்தத் துணிகளைப் பார்த்து ரசிக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு ரசிக்கலாம்.

ஆக, கோட்டையின் தூணில் இருக்கும் நாகமும் அரசியின் உடையில் இருக்கும் நாகமும் ஒரே மரபில் பயின்ற கைகளிலிருந்து வந்தவை. தீட்டிய வண்ணப் பொடிகளிலும் பல ஒன்றே. துணியை ஆழமாகத் தெரிந்த ஒருவருக்குக் கோட்டையும் பாதி தெரிந்துவிடும். கேள்விக்கான பதிலில் ஒரு பங்கு இதிலேயே வந்துவிட்டது.

பிங்காட்டா எப்படிச் செய்கிறார்கள்?

கமகுரா ஆராய்ந்த துணிகளில் முதலிடம் பிங்காட்டாவுக்கு. மஞ்சள், சிவப்பு, நீலம் எல்லாம் பளிச்சென்று இருக்கும் ஸ்டென்சில் (வடிவம் வெட்டிய தாள்) சாயத்துணி இது. சீன பாணி நாகமும் ஃபீனிக்ஸும், ஜப்பானிய பாணி ப்ளம் பூவும் பனிப் படிகமும் ஒரே துணியில் இருக்கும். ஓகினாவாவில் பனி பெய்வதில்லை, ஆனாலும் துணியில் பனி உண்டு. மஞ்சள் பின்னணியும் பெரிய வடிவங்களும் அரச குடும்பத்துக்கு உரியவை. படிநிலை இறங்க இறங்க வடிவமும் சிறிதாகும்.

செய்முறையைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்:

1. தாள். காகிதத்தை அடுக்கி, ஜப்பானியப் பனிச்சைக் காயின் துவர்ப்புச் சாற்றால் ஒட்டிக் கெட்டியாக்குவார்கள். அந்தத் தாளில் கோலம் வரையப்படும்.

2. வெட்டு. 'ஷீக்' என்ற மெல்லிய கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, குத்திக் குத்தி முன்னேறி வெட்டுவார்கள். இழுத்து வெட்டுவதில்லை. தாளுக்கு அடியில் வைக்கும் கட்டை எது தெரியுமா? டோஃபு, அதாவது சோயாப் பால்கட்டி. சாப்பிடும் டோஃபுவைத்தான் மாதக்கணக்கில் காயவைத்து, பழுப்பு நிறக் கட்டியாக இறுகச் செய்து வைத்துக்கொள்கிறார்கள். 'ருகுஜு' என்று பெயர். மரக்கட்டை என்றால் கத்தி முனை மழுங்கும். டோஃபுவில் கத்தி மெத்தென்று இறங்கும், அதில் ஊறியிருக்கும் எண்ணெய் அலகைத் துருப்பிடிக்காமலும் காக்கும். வேலை செய்யச் செய்ய மேற்பரப்பு குழியாகும். சீவிச் சமப்படுத்தித் தொடர்வார்கள்.

3. பசை. ஒட்டும் அரிசி மாவையும் தவிட்டையும் பிசைந்து, வேகவைத்து, உப்புச் சேர்த்துப் பசையாக்குவார்கள். ஸ்டென்சிலைத் துணிமேல் வைத்து இந்தப் பசையை வழித்தால், வெட்டிய இடங்களின் வழியே பசை துணியில் படியும். பசை படிந்த இடத்தில் வண்ணம் ஏறாது.

4. வண்ணம். பசை காய்ந்ததும் மிச்ச இடங்களில் தூரிகையால் வண்ணம் தீட்டுவார்கள். வண்ணப் பொடியைக் கரைப்பது சோயா மொச்சையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில். கைக்கு இரண்டு தூரிகை: ஒன்று வண்ணத்தை வைக்க, இன்னொன்று அதைத் துணிக்குள் தேய்த்து இறக்க. தேய்க்கும் தூரிகை பெண்களின் தலைமுடியால் கட்டியது. பிறகு பூவிதழின் நடுவிலோ இலையின் அடியிலோ அடர்ந்த நிறத்தைத் தீட்டி ஓரம் நோக்கி மங்கவைப்பார்கள். பிங்காட்டாவைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுவது இந்த நிழல்தான்.

5. பின்னணி. தீட்டி முடித்த வடிவங்களைப் பசையால் மூடிவிட்டுப் பின்னணி நிறத்தை ஏற்றுவார்கள்.

6. நீராவி, அலசல். நீராவியில் வைத்து நிறத்தை நிலைப்படுத்தி, பிறகு தண்ணீரில் ஊறவைத்துப் பசையைக் கழுவுவார்கள். துணியைத் தேய்க்கக் கூடாது. பசை தானாக இளகிப் போக வேண்டும்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது பின்னால் உதவும். சாயம் தண்ணீரில் கரையும், நூலின் உள்ளே போகும். செடிகளிலிருந்து எடுப்பவை பெரும்பாலும் அந்த வகை. நிறமி கரையாது. அது மண்ணோ கல்லோ அரைத்த பொடி, நூலின்மேல் உட்காரும். உதிராமல் பிடித்துவைக்க ஒரு பசை வேண்டும், அந்த வேலையைச் சோயாவின் புரதம் செய்கிறது. பிங்காட்டாவில் இரண்டும் உண்டு, ஆனால் அதன் அழுத்தமான பளிச்சிடலுக்குக் காரணம் நிறமிகள்: சிவப்புக்கு ஜாதிலிங்கமும் (பாதரசத் தாது) காவியும், மஞ்சளுக்கு அரிதாரம் (ஆர்செனிக் தாது), கருப்புக்கு மை. வெயில் கொளுத்தும் தீவில் நிறமிகள் எளிதில் மங்குவதில்லை. செடிச் சாயத்தில் 'ஃபுக்குகி' மரப்பட்டையின் மஞ்சள் பேர்போனது. நம் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த மரம் அது.

காவி, ஜாதிலிங்கம், அரிதாரம் ஆகியவை கட்டட ஓவியத்துக்கும் அரக்குக்கும் உரிய பொருள்களும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

1879க்குப் பிறகு

1879இல் ஜப்பானின் மெய்ஜி அரசு ரியூக்யூ அரசைக் கலைத்து ஓகினாவா மாகாணமாக்கியது. அரசர் டோக்கியோவுக்கு அனுப்பப்பட்டார். வாங்குவதற்கு அரசவை இல்லாதபோது பிங்காட்டா யாருக்கு வேண்டும்? தலைமுறை தலைமுறையாக அரசுக்கு வேலை செய்த தகுஷி, சினென், ஷிரோமா ஆகிய மூன்று குடும்பங்களின் தொழிலும் சுருங்கியது. பழைய உயர்குடி வீடுகள் துணிகளை விற்றுச் சாப்பிட்டன. கோட்டை முதலில் ராணுவ முகாமானது, பிறகு கவனிப்பாரின்றிக் கிடந்தது.

இந்த நிலையில்தான் கமகுரா வந்து சேர்ந்தார்.

ஓவிய வாத்தியார்

1898இல் ககாவா மாகாணத்தில் பிறந்தவர் அவர். டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் பயிற்சி முடித்து, 1921இல் ஓகினாவாவில் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். அப்போது வயது 22. ஷுரியில் பழைய உயர்குடிக் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கியவர், அந்த ஊர்ப் பேச்சையும் கற்றுக்கொண்டார். ஓகினாவா மொழி ஜப்பானியரின் காதுக்குப் புரியாது. பள்ளிகளில் அதைப் பேசும் பிள்ளைகளைத் தண்டித்த காலம் அது. அந்தச் சூழலில் தலைநிலத்திலிருந்து (ஜப்பானின் பெருந்தீவுகளிலிருந்து) வந்த வாத்தியார் அந்த மொழியையே கற்றது, பிற்பாடு சாயப் பட்டறைக்காரர்களோடும் முதிய பெண்களோடும் உட்கார்ந்து பேச வழி செய்தது. பிற ஆய்வாளர்கள் துணியைப் பார்த்துப் போனார்கள். இவரால் கேட்டு எழுத முடிந்தது.

1923இல் டோக்கியோவுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு ஒரு செய்தி கண்ணில் பட்டது: ஷுரி கோட்டையின் முதன்மை மண்டபத்தை இடித்துவிட்டு அங்கே ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்டோவுக்குக் கோயில் கட்டப் போகிறார்கள். செய்தியோடு கட்டடக்கலை வரலாற்றில் அப்போது பெரிய பெயரான பேராசிரியர் இத்தோ சூட்டாவிடம் ஓடினார். இத்தோ உள்துறை அமைச்சகத்திடம் பேசினார், இடிப்பு நிறுத்தப்பட்டது. 1925இல் அந்த மண்டபம், புதிய ஓகினாவா கோயிலின் வழிபாட்டுக்கூடம் என்ற பெயரில், பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. பெயர் எதுவாக இருந்தால் என்ன, கட்டடம் தப்பியது. 1928 முதல் 1933 வரை பழுதுபார்ப்பு நடந்து, அளவு வரைபடங்களும் வரையப்பட்டன. அந்த வரைபடங்களின் அருமை பிறகுதான் தெரியவந்தது.

கேமராவும் நோட்டும்

1924 முதல் 1927 வரை இரண்டு கட்டமாக, ஒரு நிதியறக்கட்டளையின் உதவியோடு கமகுரா ஓகினாவா முழுக்கச் சுற்றினார். புகைப்படக் கலையையும் இதற்கென்றே கற்றார். கோட்டை, கோயில், கல்லறை, சிலை, அரக்கு, மட்பாண்டம், துணி, அரச குடும்பத்தின் ஓவியங்கள் என எல்லாவற்றையும், ஃபிலிம் போலப் பயன்பட்ட கண்ணாடித் தட்டில் படமெடுத்தார். இன்று எஞ்சியிருப்பவை 1,229 கண்ணாடி நெகட்டிவ்கள். 2005இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவிக்கப்பட்டவை. கூடவே 81 குறிப்பேடுகள். ஏராளமான பிங்காட்டா ஸ்டென்சில்களும் துணித் துண்டுகளும் தனி.

புகைப்படத்தை மட்டும் வைத்து ஏன் கோட்டை கட்ட முடியாது என்று கேட்கலாம். அந்தக் காலத்துக் கண்ணாடித் தட்டுகளில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியை உணராதவை. நீலம் வெளுத்துவிடும், சிவப்பு கருப்பாகவே விழும். காவிச் சிவப்பும் கருப்பு அரக்கும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும். மஞ்சளும் நம்ப முடியாதது. சிவப்பும் மஞ்சளும்தான் ரியூக்யூ அரசின் முதன்மை நிறங்கள் என்பதை யோசித்தால் சிக்கலின் அளவு தெரியும். படத்தில் வடிவம் இருக்கிறது, நிறம் தொலைந்துவிட்டது.

ஓவியனின் கண்ணும் சாயக்காரனின் கேள்விகளும் உதவிய இடம் இதுதான். கமகுராவின் குறிப்பேடுகளில் கையால் வரைந்த படங்கள், அவற்றின் பக்கத்தில் நிறத்தின் பெயர், பொருள், அளவு ஆகியவை உண்டு. யார் சொன்னார் என்பதும் பல இடங்களில் உண்டு. பழைய அரசு ஆவணங்களையும் பார்த்துப் படியெடுத்தார். சாயத்தொழிலை ஆராய்கிற ஒருவர் 'சிவப்பு' என்று எழுதிவிட்டு நகர மாட்டார். எந்தச் சிவப்பு, எதில் கரைத்தது, எத்தனை முறை பூசியது என்று கேட்காமல் அவருக்கு அந்தத் துணியே புரியாது. அந்தப் பழக்கத்தை அவர் கோட்டைக்கும் கோயிலுக்கும் கொண்டுபோனார். ஒரு கலை வரலாற்றாசிரியரின் பதிவுக்கும் இவருடையதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் என்று நான் கருதுவது இதைத்தான்: பொருள் எப்படி இருந்தது என்பதோடு, அதைத் திரும்பச் செய்ய என்ன தெரிய வேண்டும் என்பதையும் எழுதிவைத்தார்.

1945

இரண்டாம் உலகப் போரில் ஓகினாவாவைக் காத்த ஜப்பானிய 32ஆம் படை, தன் தலைமையகத்தை ஷுரி கோட்டைக்கு அடியில் சுரங்கம் வெட்டி அமைத்தது. அமெரிக்கப் பீரங்கிகளுக்கு அதைவிடத் தெளிவான இலக்கு வேண்டியதில்லை. 1945 மே மாதத்துக்குள் கோட்டை தரைமட்டம். சாயப் பட்டறைகள், ஸ்டென்சில்கள், அரசக் கல்லறைக் கோயில்களிலிருந்த ஓவியங்கள் எல்லாம் போயின. அவற்றைச் செய்யத் தெரிந்தவர்களில் பலரும் போனார்கள்.

ஓகினாவாவுக்கு வெளியே இருந்தவை தப்பின. டோக்கியோவில் இருந்த முன்னாள் அரச குடும்பத்தின் உடைகளும் ஆவணங்களும் தப்பின. இன்று ஓகினாவாவின் தலைநகரான நாஹாவின் நகர வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள அந்தத் தொகுப்பு 2006இல் தேசியப் பொக்கிஷமானது. கமகுரா கொண்டுபோன தட்டுகள், நோட்டுகள், ஸ்டென்சில்களும் தப்பின.

முதல் பயன்: துணி திரும்பி வந்தது

போர் முடிந்து ஊர் திரும்பிய ஷிரோமா எய்கி (1908–1992) பிங்காட்டாவை மறுபடி தொடங்க முனைந்தார். சினென் குடும்பத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். கையில் ஒன்றும் இல்லை. அமெரிக்க ராணுவம் எறிந்த வரைபடத் தாளில் ஸ்டென்சில் வெட்டினார்கள். உடைந்த கிராமபோன் தட்டு பசை வழிக்கும் தகடானது. சுட்டுப்போட்ட தோட்டாவின் கூடு, பசையைப் பிழிந்து கோடு போடும் கூம்பின் முனையானது. நிறமிக்கு உதட்டுச்சாயம், துணிக்கு மாவு மூட்டை. முதல் வாடிக்கையாளர்கள் அமெரிக்கச் சிப்பாய்கள், முதல் சரக்கில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளும் அடக்கம்.

கருவிக்கு மாற்று கிடைத்துவிடும், கோலத்துக்குக் கிடைக்காது. நூற்றாண்டுகளாகச் செப்பனிட்ட வடிவங்களை நினைவிலிருந்து வெட்டிவிட முடியாது. கமகுரா முன்பு தலைநிலத்துக்குக் கொண்டுபோன பழைய ஸ்டென்சில்கள் இங்கே கைகொடுத்தன. அவற்றைப் பார்த்துப் புதிதாக வெட்டினார்கள். இன்று கடைகளில் 'மரபுவழி' என்று சொல்லி விற்கும் பிங்காட்டாவில் ஒரு பங்கு இந்த வழியாக வந்தது. 1984இல் அரசு அதை மரபுக் கைவினை என்று அங்கீகரித்தது.

கமகுராவும் சும்மா இருக்கவில்லை. அறுபது வயதை நெருங்கும்போது, தான் எழுதிவைத்ததையெல்லாம் கையால் செய்து பார்க்க உட்கார்ந்தார். 1958இல் ஜப்பான் மரபுக் கைவினைக் கண்காட்சியில் அவருடைய துணி இடம்பெற்றது. 1973இல் கிடைத்த தகுதி 'ஸ்டென்சில் ஓவியச் சாயம்' என்ற பிரிவில். அந்தப் பிரிவில் 1956இல் அதே தகுதியைப் பெற்ற செரிசாவா கெய்சுகேயும் ஓகினாவாவில் பிங்காட்டா கற்றவர்தான். ஆய்வாளர் கைவினைஞராவது அபூர்வம், அதுவும் அந்த வயதில். ஆனால் அவருடைய குறிப்புகளைப் படிப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: எழுதியது வேலைக்கு ஆகுமா என்று எழுதியவரே சோதித்துப் பார்த்திருக்கிறார். 1983இல் இறந்தார்.

இரண்டாவது பயன்: கோட்டை

போரில் அழிந்த ஷுரி கோட்டையின் முதன்மை மண்டபத்தை முதலில் 1992இல் மறுபடி கட்டி முடித்தார்கள். 1709 தீவிபத்துக்குப் பிறகு 1712–1715இல் கட்டிய மண்டபத்தின் தோற்றத்தை அப்படியே கொண்டுவருவது என்று முடிவு செய்திருந்தார்கள். எதற்கு எந்த ஆதாரம் என்று பார்த்தால் கமகுராவின் பங்கு தெளிவாகும்:

1. அளவுக்கு: 1928–1933 பழுதுபார்ப்பின் வரைபடங்கள். 1924இல் இடிப்பு நிற்காவிட்டால் இவை வந்திருக்கவே வந்திருக்காது.

2. செதுக்கு வேலைக்கும் உள்தோற்றத்துக்கும்: கமகுரா முதலானோர் எடுத்த புகைப்படங்கள்.

3. நிறத்துக்கும் அலங்காரத்துக்கும்: 1768இல் நடந்த பழுதுபார்ப்பின்போது எழுதிய அரசு ஆவணம். மண்டபத்தின் படமும் மரங்களின் அளவும் அதில் இருக்கின்றன. இது பாதுகாக்கப்பட்டு வந்தது கமகுராவின் தொகுப்பில்.

நிறம் பற்றிய முடிவு எல்லோருக்கும் உடனே பிடித்துவிடவில்லை. போருக்கு முன் கோட்டையைப் பார்த்திருந்த முதியவர்களின் நினைவில் இருந்தது வெளுத்துப்போன மரக் கட்டடம். திடீரென்று செக்கச்சிவந்த மண்டபம் எழும்பியதும் 'இது நம்ம கோட்டையா?' என்றார்கள். அவர்கள் பார்த்ததும் பொய்யில்லை. அரசு போன பிறகு வண்ணம் பூச ஆளில்லாமல் அரை நூற்றாண்டு நின்ற கட்டடத்தைத்தான் பார்த்தார்கள். ஆவணம் சொன்னது அதற்கு முந்தைய நிலையை.

2019 தீக்குப் பிறகான வேலையில் கேள்விகள் இன்னும் நுணுக்கமாகிவிட்டன. கண்ணாடி நெகட்டிவ்களை உயர் தெளிவில் ஸ்கேன் செய்தபோது முன்பு தெரியாத விவரங்கள் தெரிந்தன. காவி விஷயத்திலும் மாற்றம் உண்டு. அரசுக்கால ஆவணங்கள் வடக்கு ஓகினாவாவின் குஷி பகுதிக் காவியைச் சொல்கின்றன. அங்கே ஓடைகளில் இரும்பை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் பழுப்புப் படிவை உண்டாக்கும். அதைத் திரட்டிச் சுட்டால் மிக நுண்ணிய சிவப்புப் பொடி கிடைக்கும். இந்த முறை அந்த மண்ணைத் தேடிப் போய் எடுத்தார்கள். சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு என்ற பழைய சாயக்காரக் கேள்வியேதான், துணிக்குப் பதில் சுவரிடம் கேட்கப்பட்டது.

எல்லாம் ஒத்துப்போகவும் இல்லை. மண்டபத்தின் முன்னால் இருக்கும் இரண்டு நாகத் தூண்கள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் பெரிய சண்டை. 1768 ஆவணத்தின் படத்தில் அவை ஒன்றையொன்று பார்க்கின்றன. பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த ஒருவர் 1877இல் எடுத்த பழம்புகைப்படம் தீக்குப் பிறகு கவனத்துக்கு வந்தது. அதில் நேரே முன்னால் பார்க்கின்றன. ஆய்வுக்குழு 1992இல் செய்ததுபோல எதிரெதிராகவே வைப்பது என்று முடிவெடுத்தது. படம் பொய் சொல்லாது, ஆனால் அது 1877ஐத்தான் சொல்கிறது. வரைபடம் 1768ஐச் சொல்கிறது, ஆனால் வரைந்தவர் வழக்கப்படி வரைந்திருக்கலாம். கமகுராவின் தொகுப்பு இருந்தால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்தத் தூண்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கொண்டுபோனது சரியா?

இதைத் தொடாமல் போவது நேர்மையாகாது. அரசைக் கலைத்த நாட்டிலிருந்து வந்தவர் ஒருவர், வறுமையில் இருந்த வீடுகளிலும் மூடிய பட்டறைகளிலும் ஸ்டென்சில்களையும் துணிகளையும் சேகரித்துத் தலைநகருக்குக் கொண்டுபோனார். வேறு எந்தக் காலனியில் இது நடந்திருந்தாலும் கேள்வி கேட்போம். இங்கேயும் கேட்கலாம். ஓகினாவாவிலேயே விட்டுவைத்திருந்தால் 1945இல் எரிந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அது பின்னால் தெரிந்த உண்மை, அன்று கொண்டுபோனதற்கான நியாயம் ஆகாது.

அவருக்குச் சாதகமாகச் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, ஸ்டென்சில்கள் மறுபடி தேவைப்பட்டபோது அவை பிங்காட்டாக்காரர்களுக்குக் கிடைத்தன. இரண்டு, தொகுப்பு டோக்கியோவிலேயே தங்கிவிடவில்லை. இன்று அது ஷுரியிலேயே, கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள ஓகினாவா மாகாணக் கலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே பயிலும் சாய மாணவர்களுக்கு அது நடந்துபோகும் தூரம்.

மூன்றாவது பயன்: திருட்டுப் பொருளை அடையாளம் காண

ரியூக்யூ அரசர்கள் இறந்த பிறகு வரையப்படும் பெரிய உருவப்படங்களுக்கு 'ஓகோயெ' என்று பெயர். 1945க்குப் பிறகு அவற்றில் ஒன்றும் எஞ்சவில்லை என்றே கருதப்பட்டது. உலகுக்குத் தெரிந்ததெல்லாம் கமகுராவின் கருப்பு வெள்ளைப் படங்கள்தான். அவற்றை வைத்து நிறத்தை ஊகித்து வரைந்து பார்த்தவர்களும் உண்டு.

2001இல் ஓகினாவா கல்வித் துறை, காணாமல் போன அரசப் பொருள்களை அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் திருட்டுக் கலைப்பொருள் பதிவேட்டில் சேர்த்தது. இருபதாண்டுக்கும் மேல் கழித்து, மாசசூசெட்ஸில் மறைந்த ஒரு முன்னாள் படைவீரரின் வீட்டுப் பொருள்களைக் குடும்பத்தார் பிரித்தபோது, பரணில் சுருட்டிவைத்த ஓவியங்கள் கிடைத்தன. அந்த வீரர் பசிபிக் போர்முனைக்குப் போகவே இல்லை. ஆனால் கூடவே இருந்த தட்டச்சுக் கடிதம், பொருள்கள் போரின் இறுதி நாள்களில் ஓகினாவாவில் எடுக்கப்பட்டவை என்றது. ஓவியச் சுருள்கள், கையால் வரைந்த ஓகினாவா வரைபடம், மட்பாண்டங்கள் என மொத்தம் 22 பொருள்கள் 2024 மார்ச்சில் ஓகினாவா திரும்பின. ஒரு படம் மூன்று துண்டாக இருந்தது.

இவை உண்மையிலேயே அரசர் படங்களா, எந்த அரசர் என்று சொல்ல ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டுமே. கமகுராவின் தட்டுகள் இருந்தன. உடையின் மடிப்பு, பக்கத்தில் நிற்கும் பரிவாரம், பின்னாலிருக்கும் திரை என்று ஒன்றொன்றாக வைத்துப் பார்க்க முடிந்தது. தொண்ணூறு ஆண்டுக்கு மேலாகக் கருப்பாகவே தெரிந்த பகுதிகளின் நிறம் முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. நிறத்தை ஊகித்து வரைந்தவர்களின் கணக்கையும் இனிச் சரிபார்க்கலாம்.

பதிவேட்டில் இருப்பவற்றில் பல இன்னும் கிடைக்கவில்லை, அரசரின் மணிமுடி ஒன்று உட்பட. அடுத்து ஏதாவது ஒரு ஏலத்திலோ இன்னொரு வீட்டுப் பரணிலோ ஓர் ஓகோயெ தென்பட்டால், விசாரணை அதிகாரிகள் முதலில் கேட்கப் போவது அந்த 1,229 தட்டுகளில் அதன் படம் இருக்கிறதா என்பதைத்தான். கமகுரா படமெடுக்காமல் விட்ட ஒன்றாக அது இருந்துவிட்டால், என்ன பொருள் என்று நிரூபிப்பதே பெரும்பாடாகிவிடும்.